நர்சரியில் வாரம் மூன்று நாள்: எந்த மூன்று என்பதை முதலில் பாருங்கள்

லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஒரு நர்சரிக்கு எங்கள் பையன் போன செப்டம்பரிலிருந்து போய்க்கொண்டிருக்கிறான். வாரம் மூன்று நாள், காலை 8 முதல் மாலை 6 வரை. இப்போது அவனுக்கு 20 மாதம். நர்சரியின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல, இங்கே பல நர்சரிகள் அப்படித்தான் நடக்கின்றன. நிறைகளில் பெரும்பங்கு அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணைச் சேர்ந்தது, அவரை இங்கே இழுக்க எனக்கு மனமில்லை. பிரசவ விடுப்பு முடிந்து பகுதி நேரமாக வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள், அதிலும் எந்தெந்த நாள் என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நான் ஒரு சின்ன கம்பெனியில் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். அலுவலகம் வெம்பிளி பக்கம், பேருந்தில் அரை மணி நேரம். விடுப்புக்கு முன்னால் ஐந்து நாள் வேலை, திரும்பும்போது மூன்று நாள் போதும் என்று நானும் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்தோம். அவருக்குத் திங்களும் வெள்ளியும் வீட்டிலிருந்தே வேலை, செவ்வாய் முதல் வியாழன் வரை லண்டன் நடுவில் அலுவலகம். அதனால் திங்கள், புதன், வெள்ளி என்று நான் கேட்டேன். திங்களும் வெள்ளியும் அவர் கொண்டு விடலாம், புதன் ஒரு நாளை நான் சமாளித்துக்கொள்வேன், பிள்ளைக்கும் ஒரு நாள் நர்சரி, ஒரு நாள் அம்மா என்று மாறி மாறி வரும், களைப்பு தெரியாது. காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. நர்சரி மேனேஜரும் உடனே சரி என்றார். ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம். பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது, மழை நாளிலும் பிள்ளைகளுக்கு நீர் புகாத உடுப்பைப் போட்டுவிட்டு வெளியே கூட்டிப் போகிறார்கள். ஊரிலிருந்து வந்த புதிதில் இதைப் பார்த்திருந்தால் சளி பிடிக்குமே என்று பதறியிருப்பேன், இப்போது அவன் சேற்றில் குந்தி உட்கார்ந்து மண்புழுவைப் பார்க்கும் போட்டோ நர்சரியின் ஆப்பில் வந்தால் அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டுகிறேன். சாப்பாடு அங்கேயே சமைக்கிறார்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்ததை ஒரு நாளும் தவறவிட்டதில்லை, அவன் தட்டுக்கு அடியில் பெயரும் போட்டோவும் ஒட்டிய தனி விரிப்பு இருக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு டயப்பர் மாற்றினார்கள், மதியம் எவ்வளவு சாப்பிட்டான் என்பதெல்லாம் ஆப்பில் வந்துவிடும். பழக்கப்படுத்துவதற்கு முதல் வாரம் மூன்று தடவை வரச் சொன்னார்கள், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், அப்புறம் அரை நாள். இதில் எதிலும் எனக்குக் குறையில்லை.

குறை நாளில்தான் இருந்தது.

இங்கிலாந்தில் நர்சரியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கீ பெர்சன் என்று ஒருவரை ஒதுக்க வேண்டும் என்பது விதி. பிள்ளையின் தூக்கம், சாப்பாடு, அழுகை, பெற்றோரிடம் பேசுவது எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. எங்கள் பையனுக்கு வாய்த்தவர் ஐம்பது வயதைத் தொடும் ஒரு குஜராத்திப் பெண்மணி. முதல் நாளே ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, வீட்டில் பிள்ளையிடம் என்னென்ன சொற்கள் பேசுவீர்கள், உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். தண்ணி, பால், மம்மு, தூக்கு, வலிக்குதா, போதும், தாச்சிக்கோ என்று பத்துப் பன்னிரண்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது பேபி ரூமில் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் அந்தச் சொற்களை அவர் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். தண்ணி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டம்ளர் வரைந்திருந்தார். அதைப் பார்த்த அன்று பேருந்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வரும் அம்மாவுக்கு அந்த ஒரு டம்ளர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவருக்கு வாரம் நான்கு நாள்தான் வேலை. நாளுக்குப் பத்து மணி நேரம் வீதம் நான்கு நாளில் முழு வேலையையும் முடித்துவிடுவார்கள், ஐந்தாம் நாள் விடுமுறை, நர்சரி வேலையில் இது சகஜம். அவருடைய விடுமுறை வெள்ளிக்கிழமை. நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. நான் எடுத்த மூன்று நாளில் ஒரு நாள் அவர் கிடையாது. வெள்ளியன்று பேபி ரூமில் பாதிப் பேர் வேறு அறையிலிருந்தோ தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்தோ வருபவர்கள். நல்லவர்கள்தான், அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்த மஞ்சள் தாள் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

நவம்பரில் ஒரு வெள்ளி மாலை. வீட்டுக்காரருக்கு மீட்டிங், அதனால் நான் போனேன். ஏஜென்சிப் பெண் ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்று மதியம் முழுக்கப் பாட்டியைக் கேட்டு அழுதான், பாட்டி ஊருக்குப் போய்விட்டாரா என்றார். எனக்குப் புரியவில்லை. என் அம்மா ஆறு மாத விசாவில் வந்துவிட்டு ஆகஸ்டிலேயே திரும்பிவிட்டார், அவரை இவன் ஆச்சி என்றுகூடச் சொல்லப் பழகவில்லை. என்ன சொல்லி அழுதான் என்று கேட்டேன். நானி, நானி என்றானாம். இங்கே பல வீடுகளில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் கேட்டது தண்ணி. அந்த வயதில் அவன் வாயில் அது நண்ணி என்றுதான் வரும். கோட்டைக்கூடக் கழற்றாமல் அங்கேயே அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், நிறுத்தாமல் குடித்தான். அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், ஆப்பிலும் பதிவு இருந்தது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கேட்டது கிடைக்காமல் அவன் ஒரு மதியம் முழுக்க அழுதிருக்கிறான், கேட்டது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அன்று விடுமுறை.

அந்த இரவுதான் நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசித்தேன். நாளைத் தேர்ந்தெடுத்தபோது எங்கள் அலுவலகத்தைப் பார்த்தேன், வீட்டுக்காரர் அலுவலகத்தைப் பார்த்தேன், பேருந்தைப் பார்த்தேன். அந்த அறையில் எந்த நாளில் யார் இருப்பார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: நர்சரியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது, உங்கள் பிள்ளைக்குக் கீ பெர்சனாக வரப்போகிறவருக்கு எந்த நாள் விடுமுறை என்று கேளுங்கள். நர்சரிகளைச் சோதித்து மதிப்பிடும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் அறிக்கையில் அது இருக்காது, இணையதளத்தில் இருக்காது, நேரில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று, நாள் விட்டு நாள் போவது. என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு முதல் மாதமே சொன்னார். "ஏட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டு விட்டா புள்ள எப்படிட்டி பழகும்? தெனமும் புதுசா போற மாதிரில்லா இருக்கும். சேந்தாப்ல மூணு நாளு விட்டுப் பாரு." நான் கேட்கவில்லை. இடையில் ஒரு நாள் ஓய்வு நல்லது என்றுதான் நினைத்தேன். உண்மையில் நடந்தது அம்மா சொன்னதுதான். திங்கள் காலை அழுகை, சாயங்காலம் சமாதானம், செவ்வாய் என்னோடு, புதன் காலை மறுபடி அழுகை. ஒவ்வொரு நாளும் அவனுக்குத் திங்கட்கிழமையாகவே இருந்தது. நான்கு மாதம் ஆகியும் கதவருகே என் கழுத்தைக் கட்டிக்கொண்ட கையைப் பிரித்தெடுத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன், அதே அறையில் வாரம் இரண்டே நாள், அதுவும் தள்ளித் தள்ளி வரும் ஒரு பெண் குழந்தை முதல் நாளிலிருந்தே கையாட்டிவிட்டு ஓடுகிறாள். எங்கள் பையன் அப்படி இல்லை.

அப்புறம் பணக் கணக்கு, விடுமுறைக் கணக்கு. இது என் தொழில், ஆனாலும் என் விஷயத்தில் நான் பார்க்கத் தவறிவிட்டேன். 2026-இல் இங்கிலாந்து, வேல்ஸின் பேங்க் ஹாலிடே (அரசு பொது விடுமுறை) எட்டையும் எழுதிப் பாருங்கள். ஜனவரி 1 வியாழன். குட் ஃபிரைடே ஏப்ரல் 3, வெள்ளி. ஏப்ரல் 6, மே 4, மே 25, ஆகஸ்ட் 31, நான்கும் திங்கள். கிறிஸ்துமஸ் வெள்ளியில் வருகிறது, மறுநாள் பாக்ஸிங் டே சனியில் வருவதால் அதற்குப் பதில் விடுமுறை டிசம்பர் 28, அதுவும் திங்கள். ஆக ஐந்து திங்கள், இரண்டு வெள்ளி, ஒரு வியாழன். செவ்வாயும் புதனும் ஒன்றுகூட இல்லை.

வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 28 நாள் விடுமுறை, அதாவது 5.6 வாரம். மூன்று நாள் வேலை செய்தால் 16.8 நாள். எங்கள் கம்பெனியில் பேங்க் ஹாலிடேயும் இதற்குள் அடக்கம், அது என் வேலை நாளில் விழுந்தால் என் கணக்கில் ஒரு நாளைக் கழித்துவிடுவார்கள், விழாவிட்டால் கழிக்க மாட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி என்றால் இந்த வருடம் ஏழு நாள் போய், என் விருப்பத்துக்கு எடுக்க 9.8 நாள்தான் மிஞ்சும். செவ்வாய், புதன், வியாழன் என்றால் ஒரு நாள்தான் போகும், 15.8 நாள் மிஞ்சும். ஆறு நாள் வித்தியாசம். மூன்று நாள் வேலைக்காரிக்கு ஆறு நாள் என்றால் முழுசாக இரண்டு வாரம், ஊருக்குப் போய் வரலாம். எல்லாக் கம்பெனியிலும் இந்தக் கணக்கு இப்படியே இருக்காது, சில இடங்களில் பேங்க் ஹாலிடேயைத் தனியாகக் கொடுப்பார்கள், உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்த ஒரு பத்தியைப் படித்துப் பாருங்கள்.

நர்சரி பக்கமும் இதே கதைதான். பேங்க் ஹாலிடேயன்று மூடிவிடுவார்கள், கட்டணத்தில் கழிவு கிடையாது, மாற்று நாளும் கிடையாது. மாதாமாதம் ஒரே தொகை வருவதால் இன்வாய்ஸைப் பார்த்தால் இது கண்ணில் படாது. திங்கள் கேட்டபோது மேனேஜர் ஏன் உடனே தலையாட்டினார் என்று இப்போது தெரிகிறது. பாதி வீடு, பாதி அலுவலகம் என்ற ஹைப்ரிட் வேலை வந்ததிலிருந்து அலுவலகங்கள் செவ்வாய் முதல் வியாழன் வரைதான் ஆட்களை வரச் சொல்கின்றன, அதனால் அந்த மூன்று நாளுக்குத்தான் நெருக்கடி. எங்கள் நர்சரியில் வெள்ளிக்கு ஐந்து பவுண்டு குறைவு என்றே அட்டை வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய், புதன், வியாழன் என்று நாட்களை மாற்றித் தரும்படி நர்சரியில் கேட்டேன். உடனே கிடைக்காது என்றார்கள். கோபம் வந்தது, ஆனால் காரணத்தைக் கேட்டபின் ஏற்றுக்கொண்டேன். இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும், இது சட்டம். ஒன்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் மூன்று பேர் வேலை செய்தால் கணக்கு சரி, பத்தாவதாக ஒரு பிள்ளையைச் சேர்த்தால் நாலாவதாக ஒரு ஆளை வைக்க வேண்டும். ஒரே ஒரு செவ்வாய்க்காக அவர்கள் ஒரு ஆளை வைக்க முடியாது. யாராவது ஒரு பிள்ளை விலகினாலோ அடுத்த அறைக்குப் போனாலோதான் இடம். இரண்டு வயதானால் ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் போதும், அதனால் பெரிய அறையில் நாள் கிடைப்பது கொஞ்சம் சுலபம். செப்டம்பரில் நான்கு வயதுக்காரர்கள் பள்ளியின் ஆரம்ப வகுப்பான ரிசப்ஷனுக்குப் போவார்கள், எல்லா அறையும் ஒரு படி நகரும், நாள் மாற்ற நினைப்பவர்கள் மே, ஜூனிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

எங்களுக்கு அதிர்ஷ்டவசமாக ஜனவரியிலேயே இடம் கிடைத்தது. ஒரு குடும்பம் லெஸ்டருக்கு வீடு மாறிப் போனது.

அலுவலகத்தில் கேட்பது தனிப் பாடு. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளே நேரத்தையும் நாளையும் மாற்றிக் கேட்கும் உரிமை இருக்கிறது, முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் சட்டத்தில் சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். ஆனால் பன்னிரண்டு மாதத்தில் இரண்டு தடவைதான் கேட்கலாம். நான் போன ஜூலையில் திங்கள், புதன், வெள்ளிக்கு ஒன்று, நவம்பரில் செவ்வாய், புதன், வியாழனுக்கு ஒன்று என்று இரண்டையும் செலவழித்துவிட்டேன். இந்த ஜூலை வரை எது நடந்தாலும் வாயைத் திறக்க முடியாது. நல்லவேளை, எங்கள் மேலாளர் மனுஷத்தன்மை உள்ளவர். சம்பளம் போடும் வாரத்தில் மட்டும் கொஞ்சம் இடிக்கும். சம்பள நாளன்றோ அதற்கு முன்போ வருமான வரித் துறைக்கு விவரம் அனுப்பியாக வேண்டும், அதைத் தள்ளிப்போட முடியாது. சம்பள நாள் திங்களில் விழும் மாதத்தில் வியாழனே எல்லாவற்றையும் முடித்து, அனுப்பும் வேலையைக் கூட வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள், புரிந்துகொள்கிறார்.

முதலில் நர்சரியில் எந்த நாளுக்கு இடம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள், அப்புறம் அலுவலகத்துக்கு எழுதுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

கட்டணத்தைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2025 செப்டம்பரிலிருந்து வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதத்திலிருந்தே வாரம் 30 மணி நேர நர்சரிக் கட்டணத்தை அரசு கொடுக்கிறது. பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆனதற்கு அடுத்த பள்ளிப் பருவத்திலிருந்துதான் (டெர்ம்) கிடைக்கும். செப்டம்பரில் தொடங்க ஆகஸ்ட் 31-க்குள் அரசிடம் விண்ணப்பித்துத் தகுதிக்கான குறியீட்டு எண்ணை வாங்கியிருக்க வேண்டும், விடுப்பில் இருப்பவர் செப்டம்பர் 30-க்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும். 30 மணி என்பது பள்ளி நடக்கும் 38 வாரத்துக்குத்தான், மொத்தம் 1,140 மணி. எங்கள் நர்சரி அதை 51 வாரத்துக்குப் பரப்பிக் கொடுக்கிறது, அப்போது வாரத்துக்கு 22 மணி சொச்சம்தான் வரும். பத்து மணி நேரம் வீதம் மூன்று நாள் என்றால் 30 மணி ஆகிறதல்லவா, மிச்சம் ஏழரை மணிக்கு மேல் நம் கையிலிருந்து. சாப்பாடு, டயப்பர், இதர செலவு தனி. எங்களுக்கு மாதம் சுமார் 440 பவுண்டு வருகிறது. அதை டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் என்ற அரசு உதவிக் கணக்கு வழியாகக் கட்டினால் நாம் போடும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கும், நாங்கள் 352 போடுகிறோம், 88 அவர்கள் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நாளை இரண்டாகக் குறைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உதவிகளுக்கு அம்மா, அப்பா இருவருமே வாரத்துக்குக் குறைந்தது 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமாகச் சம்பாதிக்க வேண்டும். 2026 ஏப்ரலிலிருந்து மணிக்கு 12.71 பவுண்டு, அப்படியானால் வாரம் சுமார் 203 பவுண்டு. குறைந்த கூலியில் இரண்டு நாள், ஏழரை மணி வீதம் என்றால் 15 மணிதான், அரை மணி, ஒரு மணியில் முழு உதவியும் கைவிட்டுப் போகும். கடையில் வேலை பார்க்கும் என் தோழி ஒருத்தி இதைத் தெரிந்துகொண்டதும் இரண்டு நாளிலும் அரை மணி நேரம் முன்னதாகப் போகிறாள், இப்போது 16 மணி சரியாக வருகிறது.

ஜனவரியிலிருந்து செவ்வாய், புதன், வியாழன். என்ன மாறியது? செவ்வாய் காலை மட்டும் இன்னும் கஷ்டம், நான்கு நாள் என்னோடு இருந்துவிட்டுப் போகிறான், கதவருகே உதட்டைப் பிதுக்குவான். புதன் பரவாயில்லை. வியாழன் என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடுகிறான், ஷூவைக் கழற்ற அவனே உட்கார்ந்து காலை நீட்டுகிறான், சுவரில் அவன் போட்டோ ஒட்டிய கொக்கியில் கோட்டை மாட்டச் சொல்லிக் காட்டுகிறான். மூன்று நாளும் அதே முகம் அவனை வாங்கிக்கொள்கிறது. இது மூன்றாவது வாரத்திலேயே நடந்துவிட்டது. நான்கு மாதம் நடக்காதது மூன்று வாரத்தில் நடந்தது என்றால் நாளின் அருமை எவ்வளவு என்று பாருங்கள்.

சேர்ந்தாற்போல் மூன்று நாள் என்பதில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் அந்த மூன்று நாளும் அலுவலகம் போவதால் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் முழுக்க என் தலையில். எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது நான் வாசலில் நிற்க வேண்டும். மேலாளரிடம் பேசி ஒன்பதரைக்குத் தொடங்குகிறேன், மதியச் சாப்பாட்டை அரை மணியில் முடித்துக்கொண்டு ஐந்தேகாலுக்குக் கிளம்புகிறேன். ஆறு மணியைத் தாண்டினால் அபராதம், அதைவிட எல்லாப் பிள்ளைகளும் போனபின் அவன் ஒருவனே ஜன்னலோரம் நிற்கும் காட்சியை என்னால் தாங்க முடியாது. மூன்று நாளும் இரவு இட்லியும் தோசையும்தான், திங்களன்றே மாவு அரைத்து வைத்துவிடுகிறேன். வியாழன் இரவு உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும்.

உடம்பு சரியில்லாத வாரம் இன்னொரு கஷ்டம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை கொண்டு வரக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்குப் பரவாமல் இருக்க இது தேவைதான். ஆனால் செவ்வாய் மதியம் ஒரு வாந்தி எடுத்தால் புதன், வியாழன் இரண்டும் போச்சு, அந்த வாரமே முடிந்தது, கட்டணம் மட்டும் நிற்காது. திங்கள், புதன், வெள்ளியாக இருந்தபோது திங்கள் மதியம் வாந்தி எடுத்தால் வெள்ளியாவது கிடைத்தது. இந்த ஒரு விஷயத்தில் பழைய நாட்கள்தான் மேல், இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதல் குளிர்காலத்தில் பிள்ளைக்கு மாதம் இரண்டு தடவை ஏதாவது வரும், உங்கள் விடுமுறையில் கொஞ்சத்தை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். பேங்க் ஹாலிடேயில் மிச்சம் பிடித்த ஆறு நாளில் மூன்று எனக்கு இதற்கே போனது.

வெள்ளிக்கிழமை எனக்கு இப்போது பிடித்த நாள். காலையில் நானும் அவனும் நூலகத்தில் குழந்தைகள் பாட்டு நேரத்துக்குப் போகிறோம், மதியம் அவன் தூங்கும்போது சாம்பார் கொதிக்கிறது, வீட்டுக்காரர் மாடியிலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார். தடுப்பூசி, பல் டாக்டர், பேங்க் வேலை எல்லாம் திங்களுக்கு.

நர்சரிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பேபி ரூமுக்கு ஐந்துக்கு ஐந்து. சாப்பாட்டுக்கும் தோட்டத்துக்கும் நாலரை. நிர்வாகத்துக்கு இரண்டரை, ஏனென்றால் சேர்க்கும்போதே கீ பெர்சனின் விடுமுறை நாள் இது, உங்கள் பிள்ளையின் நாளில் ஒன்று அதில் விழுகிறது, பரவாயில்லையா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நவம்பருக்குப் பிறகு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு மேனேஜர் நேரில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், இப்போது ஏஜென்சி ஆட்கள் வரும் நாளில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுச் சொற்களையும் காலையிலேயே அவர்களிடம் கொடுக்கிறார்களாம். அதற்காக அரை மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம்.

போன வாரம் பெரிய அறையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். செப்டம்பரில் இரண்டு வயதானதும் அங்கே போகிறான். புது கீ பெர்சன் யார், அவருக்கு எந்த நாள் விடுமுறை என்றுதான் முதல் கேள்வியாகக் கேட்டேன். திங்கள் என்றார்கள். குஜராத்தி அம்மாவும் கூட வந்திருந்தார், தொட்டிக்கு மேலிருந்த மஞ்சள் தாள் ஓரமெல்லாம் நனைந்து சுருண்டுபோயிருந்தது, அதைப் பார்த்துப் புதுத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்றார். நான் கொடுத்த பன்னிரண்டோடு "நானே" என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னேன். இந்த மாதம் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்கிறான்.